மாம்பலமா, கூடுவாஞ்சேரியா, திருச்சியா?

மத்திய அரசு தன் ஊழியர்களுக்கு வீட்டு வாடகைப்படி கொடுப்பதற்காக நாட்டின் ஊர்களை எக்ஸ், ஒய், இசட் என்று மூன்று வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது. சென்னை முதல் வகை. திருச்சி, மதுரை, கோவை, சேலம் ஆகியவை இரண்டாம் வகை. தஞ்சாவூர் மூன்றாம் வகை. 2024 ஜனவரியில் அகவிலைப்படி 50 விழுக்காட்டைத் தொட்டதும், இந்தப் படி அடிப்படைச் சம்பளத்தில் முறையே 30, 20, 10 விழுக்காடாக உயர்ந்தது. அடிப்படைச் சம்பளம் 50,000 ரூபாய் வாங்கும் ஒருவர் திருச்சியிலிருந்து சென்னைக்கு மாற்றலாகி வந்தால், வாடகைப்படியில் அவருக்குக் கூடுவது மாதம் 5,000 ரூபாய். சென்னையின் நடுப்பகுதியில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு இந்த 5,000 ரூபாய் எந்த மூலைக்குக் காணும் என்பது தெரியும். தனியார் வேலையில் இருப்பவர்களுக்கோ இப்படி ஒரு சூத்திரமும் கிடையாது. ஊரின் விலையை அவர்களே கணித்து, சம்பளப் பேச்சில் அவர்களே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

எங்கே குடியிருப்பது என்று இந்தக் கணக்கைப் போடுகிறவர்கள் பெரும்பாலும் 'சென்னையா, ஊரா' என்று இரண்டு தட்டுகளை மட்டுமே வைத்து நிறுக்கிறார்கள். உண்மையில் எதிரில் இருப்பவை மூன்று. மேற்கு மாம்பலம் போன்ற நகரின் நடுப்பகுதி ஒன்று. தாம்பரத்தையும் தாண்டிய கூடுவாஞ்சேரி போன்ற விளிம்பு மற்றொன்று. திருச்சியைப் போன்ற இரண்டாம் நிலை நகரம் மூன்றாவது. இவற்றுள் சிக்கனமான சமரசம் என்று நம்பிப் பலரும் போய்ச் சேருவது இரண்டாவதாகச் சொன்ன விளிம்புக்குத்தான். பணத்தோடு நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், மூன்றில் மிகக் குறைவாகத் தேறுவதும் அதுதான் என்பது என் கருத்து.

முதலில் வாடகை. தெருவுக்குத் தெரு மாறும் விஷயம் இது என்பதால், ஒரு கணக்குக்காக, இரண்டு படுக்கையறை உள்ள வீட்டுக்கு மாம்பலத்தில் 28,000 ரூபாய், கூடுவாஞ்சேரியில் 13,000 ரூபாய், திருச்சி உறையூர்ப் பக்கம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாடகையோடு முன்பணத்தையும் பார்க்க வேண்டும். சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்சாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது; அந்த 'வேறு உடன்பாடு' என்னும் சந்தின் வழியாகத்தான் பழைய வழக்கம் இன்னமும் வந்துபோய்க்கொண்டிருக்கிறது. மாம்பலத்து வீட்டுக்குப் பத்து மாதம் என்றால் 2,80,000 ரூபாய் வட்டியில்லாமல் முடங்கும். வங்கி வைப்பில் 7 விழுக்காடு கிடைத்திருக்கும் என்று கொண்டால், மாதம் ஏறத்தாழ 1,600 ரூபாய் கண்ணுக்குத் தெரியாத வாடகையாகப் போகிறது. காலி செய்யும்போது வெள்ளையடிப்பு என்று பிடித்துக்கொள்வது இந்தக் கணக்கில் சேராது. ஆகவே, வாடகையை மட்டும் வைத்துப் பார்த்தால் விளிம்பும் திருச்சியும் ஏறக்குறைய ஒரே தட்டில் நிற்கின்றன. மாம்பலம் தனியே மேலே நிற்கிறது.

இந்த இடத்தில்தான் நேரத்தைக் கொண்டுவர வேண்டும். கூடுவாஞ்சேரியில் குடியிருந்துகொண்டு தியாகராய நகரில் வேலை பார்ப்பவருக்கு மின்சார ரயிலின் சீசன் டிக்கெட் பெரிய செலவே இல்லை. சில நூறு ரூபாயில் ஒரு மாதம் ஓடிவிடும். ஆனால் வீட்டிலிருந்து நிலையத்துக்கு வண்டி, வண்டி நிறுத்தக் கட்டணம், ரயிலுக்குக் காத்திருப்பு, தாம்பரத்துக்குப் பின் கூடும் நெரிசல், இறங்கியபின் நடை என்று எல்லாம் சேர்ந்து ஒரு வழிக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகிறது என்று கொண்டால், மாதத்தில் 22 வேலை நாள்களுக்கு 77 மணி நேரம் வழியிலேயே கழிகிறது. எட்டு மணி நேர வேலை நாளாக மாற்றினால் இது ஒன்பதரை நாளுக்கும் மேல். மாம்பலத்திலும் உறையூரிலும் அலுவலகம் பக்கத்தில் அமைந்தவருக்கு இதில் கால் பங்குகூட ஆகாது. வாடகையில் மிச்சமாகும் 15,000 ரூபாயை, கூடுதலாகச் செலவாகும் ஏறத்தாழ 58 மணி நேரத்தால் வகுத்தால், ஒரு மணி நேரத்துக்கு 260 ரூபாய் கூடத் தேறவில்லை. அதிலும், இரண்டு பேர் வேலைக்குப் போகும் வீட்டில் இரண்டு இருசக்கர வண்டிகளுக்கான தவணை, பெட்ரோல், பள்ளி வேன் கட்டணம், இரவு எட்டரை மணிக்கு வீடு திரும்பியபின் சமைக்கத் தெம்பில்லாமல் வாங்கும் பரோட்டா எல்லாவற்றையும் கழித்துவிட்டால் மிச்சம் இன்னும் சுருங்கும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் கூடுவாஞ்சேரிக்கு அநீதி செய்ததாகிவிடும். மறைமலைநகரிலோ மகேந்திரா சிட்டியிலோ ஒரகடத்திலோ வேலை பார்ப்பவருக்கு அது விளிம்பே இல்லை, வேலைக்கு மிக அருகில் உள்ள ஊர். சிக்கல் அடுத்த வேலையில்தான் தொடங்கும். சென்னையில் ஒருவருடைய இரண்டாவது வேலை சிறுசேரியிலும், மூன்றாவது அம்பத்தூரிலும் அமைவது வெகு சாதாரணம். நடுவில் இருப்பவருக்கு நான்கு திசையும் தாங்கக்கூடிய தொலைவு. தெற்கு முனையில் இருப்பவருக்கு ஒரு திசை மட்டுமே பக்கம். மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் 118.9 கிலோமீட்டரில் ஒரு வழித்தடம் கலங்கரை விளக்கத்திலிருந்து பனகல் பூங்கா வழியாகப் பூந்தமல்லிக்குப் போகிறது. மூன்று வழித்தடங்களில் ஒன்றும் கூடுவாஞ்சேரிக்கு வரவில்லை. 'மெட்ரோ வரப்போகிறது' என்று சொல்லி விற்கப்படும் மனைகளின் விலையில், வராத ரயிலின் கட்டணமும் அடங்கியிருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

தண்ணீரைப் பொறுத்தவரை மூன்று ஊர்களும் மூன்று விதம். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நான்கு ஏரிகளும் வறண்டபோது, ஜோலார்பேட்டையிலிருந்து 50 பெட்டிகளில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வில்லிவாக்கத்துக்கு வந்ததைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்குப் பின் 2024-இல் நெம்மேலியில் நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் இரண்டாவது ஆலை திறக்கப்பட்டது. ஆகவே நகரின் நடுப்பகுதிக்கு, குறைகளோடு என்றாலும், குழாய் என்று ஒன்று இருக்கிறது. விளிம்பில் பல தெருக்களுக்கு ஆழ்குழாய்க் கிணறும், அது உவர்த்தால் லாரியும், குடிக்க இருபது லிட்டர் கேனும்தான் கதி; பாதாளச் சாக்கடை எட்டாத இடத்தில் கழிவுநீர்த் தொட்டியை உறிஞ்ச இன்னொரு லாரி. திருச்சிக்குக் காவிரி, கொள்ளிட மணலில் இறக்கிய சேகரிப்புக் கிணறுகளிலிருந்து தண்ணீர் வருகிறது; தண்ணீர்ச் செலவு என்று ஒரு வரியைக் குடும்பக் கணக்கில் எழுதாமல் மாதங்கள் கழியும் ஊர் அது.

வெள்ளத்தில் யாருக்கும் முழுப் பாதுகாப்பு இல்லை. 2015 டிசம்பரில் மேற்கு மாம்பலமும் மூழ்கியது, தாம்பரத்தை அடுத்த முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. திருச்சிக்கும் கோரையாறு உண்டு. வெயிலைப் பற்றிப் பேசத் தொடங்கினால் திருச்சிக்காரர்கள் தோற்பார்கள். மே மாதத்தில் அங்கே கடற்காற்று என்று ஒன்று வந்து காப்பாற்றாது.

இதுவரை சொன்னவற்றை மட்டும் வைத்துப் பார்த்தால் திருச்சி எளிதாக வென்றுவிடும். ஆனால் சென்னை தன் வாடகைக்கு ஈடாக விற்பது வீட்டை மட்டுமல்ல. ஒருவர் வேலையை இழந்தாலோ, மேலாளரோடு ஒத்துப்போகாமல் விட்டுவிட்டாலோ, அதே தொழிலில் வேறொரு வாசலைத் தட்டுவதற்கு வீட்டை மாற்ற வேண்டியதில்லை; குழந்தையின் பள்ளியை மாற்ற வேண்டியதில்லை. 2000-இல் தரமணியில் டைடல் பார்க் திறந்ததிலிருந்து பழைய மாமல்லபுரம் சாலை நெடுகிலும் மென்பொருள் நிறுவனங்கள்; 1998 முதல் இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலை, அதைச் சுற்றி உதிரிபாகத் தொழிற்சாலைகள்; இவை போக மருத்துவமனைகள், வங்கிகளின் தலைமை அலுவலகங்கள், துறைமுகம். மாம்பலத்து வாடகையில் ஒரு பகுதியைக் காப்பீட்டுத் தவணை என்றே நான் எழுதிக்கொள்வேன்.

இதன் எதிர்ப்பக்கத்தைத் திருச்சியே கண்டிருக்கிறது. திருவெறும்பூரில் பெல் நிறுவனம் 1960-களில் தொடங்கிய பின், அதன் கொதிகலன் வேலைகளை நம்பித் துவாக்குடி வட்டாரத்தில் நூற்றுக்கணக்கான ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் எழுந்தன. அனல்மின் நிலையங்களுக்கான புதிய ஆர்டர்கள் குறைந்தபோது அந்தப் பட்டறைகளும் சேர்ந்தே முடங்கின. கைதேர்ந்த வெல்டருக்கு அந்த ஊரிலேயே வேறு துறையில் அதே கூலி கிடைப்பது எளிதாக இல்லை. நவல்பட்டில் எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது, 2024 ஜனவரியில் விமான நிலையத்துக்குப் புதிய முனையம் வந்தது, என்.ஐ.டி-யும் ஐ.ஐ.எம்-மும் ஆண்டுதோறும் பட்டதாரிகளை உருவாக்குகின்றன. ஆனாலும் அந்தப் பட்டதாரிகளில் எத்தனை பேர் திருச்சியிலேயே வேலைக்கு அமர்கிறார்கள் என்று கேட்டால் ஊர்க்காரர்களே சிரிப்பார்கள்.

இருவர் சம்பாதிக்கும் குடும்பத்தில் இந்தக் கேள்வி இரட்டிப்பாகிறது. கணவனுக்குத் திருச்சியில் வேலை கிடைத்துவிடும்; மனைவியின் துறையிலும் அதே ஊரில் அதே தகுதிக்கு ஓர் இடம் வேண்டுமே. அது அமையாதபோது, 'நீ கொஞ்ச நாள் வீட்டில் இரு' என்ற பேச்சு எழுகிறது. அந்தக் கொஞ்ச நாள் பல வீடுகளில் பத்து ஆண்டுகளாக நீண்டிருக்கிறது. சிறிய ஊருக்கு மாறினால் இவ்வளவு மிச்சம் என்று போடப்படும் கணக்குகளில் நிறுத்தப்பட்ட அந்த ஒரு சம்பளத்தைச் செலவுப் பத்தியில் எழுதியவரை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். வாடகையில் 16,000 ரூபாய் மிச்சம் பிடித்து, 40,000 ரூபாய் சம்பளத்தை விடுவது சிக்கனம் ஆகாது.

மருத்துவத்தில் வேறுபாடு முன்னைவிடக் குறைந்துவிட்டது. பிரசவத்துக்கும் இதயத்துக்கும் எலும்பு முறிவுக்கும் திருச்சி போதும். அரிய நோய்களுக்குத்தான் சென்னைக்கோ வேலூருக்கோ போக நேரிடும். கல்லூரிகளைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. திருச்சி அதில் யாருக்கும் இளைத்ததல்ல.

சொந்த வீடு என்று வரும்போது மூன்றும் மறுபடி பிரிகின்றன. மாம்பலத்தில் மாதச் சம்பளக்காரர் வாங்குவது பழைய அடுக்ககம் ஒன்றில் சில நூறு சதுர அடி நிலப்பங்கைத்தான். நிலத்தில் அவருக்குள்ள உரிமை பத்திரத்தில் ஒரு பின்னமாக இருக்கும். திருச்சியில் அதே தொகைக்குத் தனி மனையில் தனி வீடும், கொல்லையில் ஒரு முருங்கையும் சாத்தியம். விளிம்பில் தனி வீடு கிடைக்கும், ஆனால் அதைச் சுற்றி நகரம் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரித்து 2022-இல் அரசாணை வந்தது. வரைபடம் விரிந்த வேகத்தில் வடிகால் விரிவதில்லை.

பெற்றோர் லால்குடியிலோ முசிறியிலோ இருந்தால், திருச்சியின் மதிப்புக்குப் பணத்தில் கணக்கே இல்லை. சென்னையிலிருந்து பொங்கலுக்குப் போக, அறுபது நாள் முன்னதாகக் காலை எட்டு மணிக்கு இணையத்தில் காத்திருந்தும் மலைக்கோட்டை விரைவு ரயிலில் இடம் கிடைக்காமல், ஆம்னி பேருந்துக்காரர் சொல்லும் கட்டணத்தைக் கொடுத்தவர்களுக்கு இது புரியும். இதற்கு எதிரில் வைக்க வேண்டியது, சென்னை தரும் விலகல். தனியாக இருக்கும் பெண்ணோ, இரவுப்பணி பார்க்கும் இளைஞரோ, சாதி மாறி மணந்த இணையரோ வீடு கேட்டுப் போனால் எந்த ஊரிலும் கேள்விகள் உண்டு. சென்னையில் ஒரு தெருவில் மறுத்தால் அடுத்த தெருவில் கேட்கலாம். சிறிய ஊரில் மறுத்த செய்தி அடுத்த தெருவுக்கு நமக்கு முன்பே போய்விடும்.

ஆகவே, ஓய்வு நெருங்கியவர், வீட்டிலிருந்தே பணிபுரிய எழுத்துப்பூர்வமான அனுமதி உள்ளவர், அரசு அல்லது வங்கிப் பணியில் மாற்றல் கேட்டு வாங்கக்கூடியவர் ஆகியோர் திருச்சியைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். துறையில் ஏழெட்டு ஆண்டுகூட ஆகாதவரும், இருவரும் சம்பாதிக்கும் இணையரும் சின்ன வீடானாலும் நடுப்பகுதியிலேயே, ஒற்றைப் படுக்கையறையோடு, இருக்கலாம். வேலையும் பக்கத்திலேயே உள்ளவருக்கு மட்டும் கூடுவாஞ்சேரி.

முடிவு எடுக்க முடியாமல் நிற்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இரண்டு திசைகளிலும் பயணம் ஒரே விலையில் நடப்பதில்லை. சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிறவர் முன்பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, அதில் பாதிக்குள் அங்கே வீடு பிடித்து, ஒரு மாதத்தில் குடியேறிவிடலாம். ஐந்து ஆண்டு கழித்துத் திரும்பி வருபவர் ஏறிப்போன வாடகைக்குப் புதிதாகப் பத்து மாத அட்வான்ஸ் திரட்ட வேண்டும், ஏழாம் வகுப்பில் நடுவே இடம் தரும் பள்ளியைத் தேட வேண்டும், இத்தனை காலம் எங்கே இருந்தீர்கள் என்று கேட்கும் நேர்காணலில் உட்கார வேண்டும். அதனால், ஐயத்தோடு இருப்பவர் சென்னை வாடகை ஒப்பந்தத்தை இன்னும் ஒரு பதினொரு மாதத்துக்குப் புதுப்பித்துவிட்டு, அதற்குள் திருச்சியில் தம் துறையில் எத்தனை வாசல்கள் உள்ளன என்று நேரில் போய் எண்ணிப் பார்த்துவிடலாம்.