வேலை போன பிறகு பெர்கேசோ பணம்: யாருக்குக் கிடைக்கிறது, எங்கே நழுவுகிறது

கோலாலம்பூரின் செந்தூல், கெப்போங், பந்தாய் டாலாம் அடுக்குமாடிகளில் இருக்கும் நம்மவர்கள் பலருக்கு சொக்சோ என்றால் விபத்துப் பணம்தான் நினைவுக்கு வரும். அதே சொக்சோ, அதாவது பெர்கேசோ என்ற மலேசிய அரசாங்கத்தின் சமூகப் பாதுகாப்பு நிறுவனம், 2018 ஜனவரி 1 முதல் வேலை இழந்தவர்களுக்கும் பணம் கொடுக்கிறது. சம்பளச் சீட்டில் எஸ்ஐபி அல்லது இஐஎஸ் என்று ஒரு வரி இருக்கும். தொழிலாளியிடம் 0.2 விழுக்காடு, முதலாளியிடம் 0.2 விழுக்காடு. 1,700 வெள்ளி (ரிங்கிட்) சம்பளக்காரருக்கு மூன்று வெள்ளிச் சொச்சம்தான் பிடிப்பார்கள். அந்த வேலை காப்புறுதித் திட்டம் கோலாலம்பூரின் கீழ்மட்டத் தொழிலாளிக்கு எவ்வளவு பயன்படுகிறது என்பதுதான் இந்த மதிப்பீடு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். இங்கே தகுதிக்கு இனம் பார்ப்பதில்லை. பூமிபுத்ராக்களுக்குச் சலுகை கொடுத்து 1971-ல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கைக்குப் பிறகு, எந்த உதவியை அறிவித்தாலும் “இது நமக்கு உண்டா?” என்று கேட்டே பழகிவிட்டோம். இந்தத் திட்டத்துக்கு அந்தக் கேள்வி வேண்டாம். குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும், வயது 18 முதல் 60, தனியார் வேலை, முதல் முறை கேட்பவர் என்றால் கடந்த 24 மாதங்களில் 12 மாதச் சந்தா. கட்சிக் கிளைத் தலைவர் கையெழுத்தோ யாருடைய சிபாரிசோ தேவையில்லை. நீங்கள் கட்டிய காசு, உங்கள் உரிமை.

பணத்தின் கணக்கு இப்படி. முதல் மாதம் பழைய சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, மூன்றும் நான்கும் 40, ஐந்தும் ஆறும் 30. பெர்கேசோ அட்டவணையில் நூறு வெள்ளிக்கு ஒரு படி, அந்தப் படியின் நடுத்தொகைதான் கணக்கு. அதனால் குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளி வாங்கிய பாதுகாவலருக்கு 1,650-ஐ வைத்து 1,320, 825, 660, 660, 495, 495. ஆறு மாதமும் முழுதாகக் கிடைத்தால் மொத்தம் 4,455 வெள்ளி. மாதம் 124 வெள்ளி வாடகைக்கு அரசாங்கத்தின் பிபிஆர் மலிவு வீட்டில் இருப்பவர் இதை வைத்து ஓரளவு தாக்குப்பிடிக்கலாம். தனியார் அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பவருக்கு இரண்டாம் மாதமே நெருக்கடி. 2022-ல் ஒரு குடும்பத்துக்கான வறுமைக்கோடு 2,589 வெள்ளி என்று அரசாங்கமே கணக்கிட்டிருக்கிறது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சம்பள உச்சவரம்பு 2024 அக்டோபரில் 6,000 வெள்ளியாக உயர்ந்தது, அந்த அளவு வாங்கியவருக்கு முதல் மாதம் 4,760. விழுக்காடு எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் வேலையில் இருந்தபோது இருந்த ஏற்றத்தாழ்வு வேலை போன பிறகும் அப்படியே கூடவே வருகிறது.

அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் சந்தா கட்டி, ஓவர்டைமை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. ஓவர்டைமும் சந்தாவுக்குக் கணக்கில் வர வேண்டிய சம்பளம்தான். 12 மணி நேர ஷிப்ட் பார்த்து 2,400 வெள்ளி வாங்குபவருக்கு 1,700-க்கு மட்டும் கட்டியிருந்தால் முதல் மாதத்திலேயே 560 வெள்ளி குறையும், ஆறு மாதத்துக்கு 1,890. மாதச் சந்தாவை மறுமாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். வேலையில் இருக்கும்போதே கட்டினார்களா, எந்தச் சம்பளத்துக்குக் கட்டினார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேலை போன பிறகு இதைத் தேடி அலைவது பெரும் சிரமம்.

இனி வேலையை விட்டு வெளியேறும் கடிதத்துக்கு வருவோம். திட்டத்தின் உயிரும் அங்கேதான் இருக்கிறது, ஓட்டையும் அங்கேதான். ஆட்குறைப்பு, கம்பெனி மூடல், கம்பெனியே அறிவிக்கும் விருப்ப விலகல் திட்டம் (விஎஸ்எஸ்), இருக்க முடியாமல் செய்து வெளியேற்றுவது, பாலியல் தொல்லை அல்லது மிரட்டலால் விலகுவது ஆகியவற்றுக்குப் பணம் உண்டு. தானாக எழுதிக் கொடுத்து விலகினால், ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டால், ஒப்பந்தக் காலம் முடிந்து வெளியே வந்தால் இல்லை.

ஒரு கொண்டோமினியத்தில் பாதுகாவல் கம்பெனியின் ஒப்பந்தம் முடிகிறது என்று வையுங்கள். ஆட்களை வரிசையாகக் கூப்பிட்டு, அச்சடித்த ஒரு தாளை நீட்டி, “இங்கே சைன் பண்ணுங்க, கடைசிச் சம்பளம் வரும்” என்பார்கள். அந்தத் தாளில் “பெர்ஹெந்தி செச்சாரா சுகாரெலா” என்றோ “மெலெதாக் ஜாவாத்தான்” என்றோ இருந்தால் நீங்களாகவே விலகியதாகத்தான் அர்த்தம். “லெபிஹான் பெக்கெர்ஜா” என்று இருந்தால் ஆட்குறைப்பு. ஒரு சொல்லில் 4,455 வெள்ளி போய்விடும். அது மட்டுமா? சட்டப்படி ஆட்குறைப்புக்கு ஒரு வருடம் முடித்து இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 10 நாள், ஐந்து வருடத்துக்குள் 15 நாள், அதற்கு மேல் 20 நாள் சம்பளம் இழப்பீடு. எட்டு வருடம் நின்றவருக்கு 160 நாள் சம்பளம். எட்டு வார முன்னறிவிப்பும் உண்டு. சைன் போட்டால் எல்லாம் சேர்ந்தே போகும். கடைசிச் சம்பளம் இந்தக் கையெழுத்துக்குக் கிடைக்கும் சன்மானம் அல்ல. எப்படி வெளியேறினாலும் அதைக் கொடுத்தே ஆக வேண்டும்.

ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தத்தில் கூட்டிப் பெருக்கும் அம்மாக்களின் நிலை இன்னும் மோசம். சந்தா பிடிப்பார்கள், ஆனால் ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்தால் பணம் கிடையாது. இது திட்டத்தின் பெரிய குறை, திருத்தியே ஆக வேண்டியது. எஸ்டேட்டை விட்டு நகரத்துக்கு வந்த குடும்பங்களில் எத்தனையோ பேர் இப்படிப்பட்ட வேலைகளில்தான் இருக்கிறார்கள். மோட்டாரில் சாப்பாடு கொண்டுபோகும் பிள்ளைகளும் இதற்குள் வருவதில்லை. சுயதொழில் செய்வோருக்கான 2017 சட்டம் விபத்தைப் பார்க்கும், வேலையின்மையைப் பார்க்காது.

மனு போட வேலை போன நாளிலிருந்து 60 நாள்தான் அவகாசம். ஞாயிறும் பொது விடுமுறையும் அதில் அடக்கம். பெர்கேசோ இணையத்தளத்தில் செய்யலாம், இல்லையென்றால் அலுவலகத்துக்கே போகலாம், தலைமையகம் ஜாலான் அம்பாங்கில் இருக்கிறது. மைகாட் (அடையாள அட்டை), வேலை நீக்கக் கடிதம், கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டு, உங்கள் பெயரிலேயே உயிரோடு இருக்கும் வங்கிக் கணக்கு, இவ்வளவும் தயாராக இருக்கட்டும். மனைவி பெயரிலோ மகன் பெயரிலோ உள்ள கணக்கு நம்பர் கொடுத்தால் வேலை நடக்காது. தளம் மலாயிலும் ஆங்கிலத்திலும் இயங்குகிறது. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் வீட்டுப் பிள்ளையைக் கூட வைத்துக்கொள்வது நல்லது.

பணம் வாங்கும் காலத்தில் வேலை தேடுவதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். அதற்கு பெர்கேசோவின் வேலைதேடும் தளமான மைஃபியூச்சர்ஜாப்ஸ் இருக்கிறது. சுமாராக உதவும், ஆனால் நீங்கள் எழுதுவதைப் பொறுத்தது. “லோரி டிரைவர்” என்று மட்டும் போட்டால் பொருத்தமான வேலை மேலே வருவது கடினம். லைசென்ஸ் எந்த வகுப்பு, ஜிடிஎல் (சரக்கு வாகன லைசென்ஸ்) எப்போது முடிகிறது, எத்தனை டன் லோரி, எந்த வழித்தடம் என்று பிரித்து எழுதுங்கள். நேர்முகத்துக்குக் கூப்பிடுவதில் இனம் பார்க்கிறார்களா என்ற கேள்விக்கு இந்தத் தளத்தில் விடை கிடையாது. 2023 முதல் வேலைச் சட்டத்தின் 69எஃப் பிரிவில் பாகுபாட்டுப் புகாரைத் தொழிலாளர் இலாகா விசாரிக்கலாம், ஆனால் அது முதலாளிக்கும் ஏற்கெனவே வேலையில் இருக்கும் தொழிலாளிக்கும் இடையிலான புகாருக்குத்தான். மனு போட்டு வாசலிலேயே நிற்பவரை அந்தப் பிரிவு காப்பாற்றாது.

விலகல் கடிதத்தில் ஏற்கெனவே சைன் போட்டுவிட்டீர்கள் என்றால் சும்மா இருந்துவிடாதீர்கள். சூப்பர்வைசர் வாட்ஸ்அப்பில் சைன் போடச் சொன்ன செய்தி, குரல் பதிவு, அதே நாளில் சைன் போட்ட மற்றவர்களின் கடித நகல் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். அவற்றோடு பெர்கேசோ மனுவையும், 1967 தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி தொழிலியல் உறவு இலாகாவில் புகாரையும் சேர்த்தே போடுங்கள். அங்கேயும் அவகாசம் 60 நாள்தான், இரண்டுக்கும் நாள் ஒன்றாகவே ஓடும். பெர்கேசோவின் பதிலுக்காகக் காத்திருந்து புகாரைத் தவறவிட்டுவிடாதீர்கள்.