காய்ச்சல்காரருக்குக் கடையில் வாங்குபவற்றில் எது காசுக்குப் பெறுமதி?

மாரி மழை தொடங்கிவிட்டால் மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று வரை பலசரக்குக் கடைகளின் முன்தட்டுக்கு ஒரே சரக்குத்தான் வரும்: கொத்தமல்லி, கசாயப் பக்கற், சமஹன் என்ற மூலிகைத் தூள், மோல்ட் மா, மாமைற் என்ற ஈஸ்ட் சாற்றுக் களி, கிறீம் கிறக்கர், ஜின்ஜர் பியர். பாமசியில் ஜீவனி, அதாவது தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-குளுக்கோசுத் தூள் (ORS). எல்லாவற்றையும் “காய்ச்சலுக்கு நல்லது” என்று ஒரே கூடையில் போடுகிறோம். ஒவ்வொன்றும் செய்யும் வேலையோ வேறு வேறு. வருத்தக்காரருக்கு முதலில் தேவை தண்ணீர், அதோடு கொஞ்சம் உப்பும் மாச்சத்தும். அவற்றை வயிறு புரட்டாமல் உள்ளே இறக்கும் பொருளுக்குத்தான் இங்கே கூடிய மதிப்பு.

அந்தக் கணக்கில் முதலிடம் உதிரிக் கொத்தமல்லிக்கு. சந்தையில் நிறுத்துத் தருவதை வாங்குங்கள். நல்ல மல்லி வெளிர் மஞ்சள் கலந்த மண்ணிறமாக, முழுசாக இருக்கும். இரண்டை விரலால் நசுக்கினால் மணம் உடனே எழும்ப வேண்டும். கறுத்ததும், ஓட்டை விழுந்து தூள் கொட்டுவதும் பழசு. இரண்டு மேசைக்கரண்டி மல்லியை இளஞ்சூட்டில், மணம் வரும் வரை மட்டும் வறுக்க வேண்டும். கறுக விட்டால் கசப்புத்தான் மிஞ்சும். பெருவிரல் நுனியளவு வேர்க்கொம்பைத் தட்டிப் போட்டு, நாலு கப் தண்ணீரில் மூடியோடு பத்து நிமிடம் மெல்லிய நெருப்பில் அவியுங்கள். இறக்கிய பிறகும் ஐந்து நிமிடம் மூடியே இருக்கட்டும். நாலில் ஒன்றாக வற்றும் வரை திறந்து கொதிக்க வைப்பது பலர் வீட்டு வழக்கம். மல்லியின் மணத்துக்குக் காரணமான எண்ணெய் அப்போது ஆவியோடு போய்விடும், குடிக்கக் கிடைக்கும் தண்ணீரும் குறைந்துவிடும். உலர்ந்த வேர்க்கொம்பு தொடக்கத்திலேயே போக வேண்டும், பச்சை இஞ்சி என்றால் கடைசியில் போதும். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கலாம். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் மட்டும் எதிலும் கலக்கக் கூடாது.

கசாயப் பக்கற், அதாவது ‘பஸ்பங்குவ’ என்று விற்கும் ஐந்து சரக்குக் கட்டு, இன்னும் காரமானது: மல்லி, வேர்க்கொம்பு, பற்படாகம், கண்டங்கத்திரி, மரமஞ்சள். பற்படாகம் செடியாகவே வருவதால் வேரில் மண் இருக்கும், அவிக்குமுன் ஒருமுறை கழுவ வேண்டும். மரமஞ்சளின் கசப்புக்குச் சின்னப் பிள்ளைகள் ஓங்காளித்துவிடுவார்கள், ஏற்கனவே சத்தி எடுக்கும் பிள்ளைக்கு இது ஏற்றதல்ல. கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம். கடை வாசலில் வெயில்படத் தொங்கும் பக்கற்றைத் தவிர்த்து உள்ளே இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

சமஹன் நல்ல பொருள்தான், ஆனால் அதன் இடம் தடிமனும் தொண்டைக் கரகரப்பும். 4 கிராம் பக்கற் ஒன்றுக்கு ஏறக்குறைய 100 மில்லிலீற்றர் சுடுதண்ணி, அதாவது சின்னத் தேத்தண்ணிக் கோப்பை ஒன்று. பெரிய கோப்பை நிறையத் தண்ணீர் விட்டுவிட்டு “காரமே இல்லை” என்று குறை சொல்வதில் நியாயம் இல்லை. அதில் மூலிகைச் சாற்றோடு சீனியும் உண்டு, நீரிழிவுக்காரர் அதைக் கணக்கில் எடுக்க வேண்டும். அதிமதுரம் சேர்வதால் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் நாளாந்தப் பழக்கமாக்காமல் இருப்பது நல்லது. ஒரு நாளைக்கு வேண்டிய தண்ணீரை இந்தச் சின்னக் கோப்பைகளால் நிரப்ப முடியாது.

வயிற்றோட்டத்துக்கு ஜீவனியை விட்டால் கடையில் வேறு பதில் இல்லை. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2002இல் திருத்திய இந்தக் கரைசலின் சூத்திரத்தில் ஒரு லீற்றருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோசு 13.5, பொட்டாசியம் குளோரைட் 1.5, சிற்றேற்று 2.9 கிராம். குடல் குளுக்கோசை உறிஞ்சும்போது சோடியத்தையும் கூட இழுக்கிறது, தண்ணீர் அவற்றின் பின்னால் போகிறது. அந்த அளவு பிழைத்தால் வேலையும் பிழைக்கும். பக்கற்றில் பாதியைக் கண்மட்டாக ஒரு கிளாசில் போடுவது பிழை, ருசிக்குச் சீனி சேர்ப்பதும் பிழை. சீனி கூடினால் குடல் தண்ணீரை வெளியே இழுத்து வயிற்றோட்டத்தைக் கூட்டிவிடும். முழுப் பக்கற்றையும் ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரையுங்கள். தண்ணீர்ப் போத்தலால் அளப்பவர்கள் சிட்டையைப் பார்க்க வேண்டும், ஒன்றரை லீற்றர்ப் போத்தலும் அருகிலேயே விற்கிறது. கடலோரக் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் குழாய்த் தண்ணீரையே எடுங்கள், ஏனென்றால் கரைசலின் உப்பு அளவு மாறிவிடும். வெள்ளம் ஏறி இறங்கிய கிணற்றுத் தண்ணீரை எதற்கும் கொதிக்க வைக்காமல் எடுக்க வேண்டாம். கரைத்த பின் மறுபடி சூடாக்கக் கூடாது, 24 மணித்தியாலத்துக்குப் பின் மிஞ்சியதை ஊற்றிவிட வேண்டும். சத்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, பிறகு கரண்டி கரண்டியாகக் கொடுங்கள்.

இளநீரும் தெம்பிலி என்ற செவ்விளநீரும் காய்ச்சலுக்கு அருமையானவை. பொட்டாசியம் நிறைய உண்டு, சோடியம் குறைவு. அதனால் கடும் வயிற்றோட்டத்தில் ஜீவனிக்குப் பதிலாக அதை மட்டும் கொடுத்து ஒப்பேற்ற முடியாது. சிறுநீரக நோயாளிகளுக்கு அந்தப் பொட்டாசியமே ஆபத்து. கண் முன்னால் வெட்டித் தருவதை உடனே குடிப்பதுதான் நல்லது. பையில் ஊற்றிக் கட்டி வைத்தது வெயிலில் சீக்கிரம் புளிக்கும்.

மாமைற்றை அரைத் தேக்கரண்டி எடுத்துச் சுடுதண்ணியில் கரைத்து, தேசிக்காய் பிழிந்து குடித்தால் மரத்துப்போன நாக்கு விழித்துக்கொள்ளும். கிறீம் கிறக்கரோடு அது நல்ல சோடி. ஆனாலும் டெங்குக் காலத்தில் மாமைற்றையும் சொக்லேற் மோல்ட்டையும் சிவப்பு நெக்டோச் சோடாவையும் ஒதுக்கிவையுங்கள். சத்தி எடுக்கும்போது அது குடித்ததன் நிறமா, இரத்தமா என்று வைத்தியருக்குப் பிரித்தறிய முடியாமல் போகும். இலங்கையின் டெங்குச் சிகிச்சை வழிகாட்டலே சிவப்பு, மண்ணிறப் பானங்கள் வேண்டாம் என்கிறது. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 2500 மில்லிலீற்றர், உடல் நிறை 50 கிலோவுக்குக் குறைந்தால் கிலோவுக்கு 50 மில்லிலீற்றர் திரவம் என்பதும், வெறும் தண்ணீரைவிட ஜீவனி, இளநீர், பழச்சாறு, கஞ்சி, சூப் நல்லது என்பதும் அதே வழிகாட்டலில் உள்ளவைதான். விடாமல் சத்தி, வயிற்று நோ, இரத்தக் கசிவு, ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை, இவற்றில் ஒன்று கண்டாலும் குடிவகை தேடாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

ஜின்ஜர் பியரில் சீனியும் காற்றும்தான் முன்னுக்கு நிற்கின்றன. வயிறு ஊதும். காய்ச்சலுக்கு என்று காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

இனி கஞ்சி. கரைத்துக் குடிக்கும் இலைக்கஞ்சிப் பக்கற்றுகள் இப்போது கிடைக்கின்றன: அரிசிமா, தேங்காய்ப்பால் தூள், இலைத்தூள். வைத்தியசாலை வாட்டில் சுடுதண்ணி மட்டும் கிடைக்கும் இடத்தில் இது பெரிய உதவி. முதலில் இரண்டு கரண்டி ஆறிய தண்ணீரில் குழைத்து, பிறகு சுடுதண்ணி விட்டால் கட்டி விழாது. நேரே கொதிதண்ணியைக் கொட்டினால் மேற்பரப்பு வெந்து, உள்ளே மா பச்சையாக நிற்கும். உப்பு ஏற்கனவே இருப்பதால் ருசி பார்க்காமல் மேலும் போடாதீர்கள்.

வீட்டில் அடுப்பு இருந்தால் அந்தப் பக்கற் தேவையில்லை. அரைக் கப் சிவப்புப் பச்சையரிசியைக் கழுவி, குருணலாக இடித்து, ஐந்து கப் தண்ணீரும் நாலு பல் உள்ளியும் கால் தேக்கரண்டி வெந்தயமும் போட்டு, அரிசி கரையும் வரை, சுமார் 40 நிமிடம், அவியுங்கள். இடையில் தடித்தால் சுடுதண்ணி விடுங்கள், பச்சைத்தண்ணி விட்டால் கஞ்சி வேறு, தண்ணீர் வேறாக நிற்கும். தேங்காய் முதற்பாலின் எண்ணெய் பலவீனமான வயிற்றுக்குப் பாரம், ஆகவே இரண்டாம் பால் போதும். அதை விட்ட பின் கொதிக்க விடாமல் ஆவி எழும்பும்போதே இறக்க வேண்டும், இல்லாவிட்டால் பால் திரைந்துவிடும். வல்லாரை, முருங்கையிலைச் சாறு சேர்ப்பதென்றால் அதற்கும் அந்தக் கடைசி நிமிடம்தான். கூடக் காய்ந்தால் பச்சை நிறம் போய் வாடை வரும். உப்பு இறுதியில். காய்ச்சல் இறங்கி வாய்க்கு ருசி கேட்கத் தொடங்கியதும் இதே கஞ்சியோடு, மிளகாய் குறைத்து மிளகும் நற்சீரகமும் கூட்டிய மீன் புளியாணம், அதாவது தண்ணீராக வைக்கும் புளிக்குழம்பு, கொடுக்கலாம். பால் விட்ட கஞ்சியை அடுத்த வேளைக்கு வைக்க வேண்டாம். பால் விடாமல் கொஞ்சம் எடுத்துக் குளிரூட்டியில் வைத்தால், பிறகு கொதிக்கச் சூடாக்கி அப்போது பால் சேர்க்கலாம்.