கானில் வந்து இறங்கும் ‘சுப்பர் டீசல்’: சின்ன டிராக்டர் வைத்திருப்பவர்கள் கவனம்

கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் சின்ன டிராக்டர் வைத்து மைதானப் புல் வெட்டுபவர்களும் வேலைத்தளத்தில் டிரெய்லர் இழுப்பவர்களும் தயவுசெய்து இதை வாசியுங்கள். இடத்துக்கே கொண்டுவந்து தருகிறோம் என்று லொறியில் டீசல் விற்கும் ஒருவரிடம் 200 லீற்றர் பரல் ஒன்றும் 20 லீற்றர் கான் ஆறும் வாங்கப்பட்டன. ‘சுப்பர் டீசல்’ என்று சொல்லி, எரிபொருள் செட் விலையைவிட லீற்றருக்குப் பத்து ரூபா குறைத்துக் கொடுத்தார். அந்த எண்ணெயில் மண்ணெண்ணெய் கலந்திருந்தது, தண்ணீர் இருந்தது, அளவும் குறைவு. மூன்று சிலிண்டர் குபோட்டா டிராக்டர் ஒன்றில், இஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் மூன்று நொசிலும் மாற்ற வேண்டியதாகிவிட்டது.

இந்த மாதிரி ஆட்களிடம் ஏன் போகிறோம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பதிவில்லாத டிராக்டரைத் தெருவில் ஓட்டி செட்டுக்குக் கொண்டுபோக முடியாது. கானோடு போனால் சில செட்களில் அடிக்க மாட்டார்கள். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலத்தில் வளர்ந்த இந்த லொறி வியாபாரம் தட்டுப்பாடு போன பிறகும் போகவில்லை.

முதலில் தெரிந்த கோளாறு இது: காலையில் குளிர்ந்த இஞ்சின் ஒழுங்காக ஸ்டார்ட் ஆனது. ஒரு மணித்தியாலம் புல் வெட்டி நிறுத்திவிட்டுத் திரும்பத் திருப்பினால் பிடிக்கவில்லை. சூட்டில் மட்டும் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்தால் பட்டரியைப் பார்க்க முதல் எண்ணெயைப் பாருங்கள். டீசல் பம்புக்குள் எண்ணெயைத் தள்ளும் பிளஞ்சருக்கும் அது ஓடும் உருளைக்கும் இடையிலுள்ள இடைவெளி சில மைக்ரோன்தான். அங்கே வேறு எண்ணெய் போவதில்லை, டீசலேதான் மசகு. மண்ணெண்ணெய் டீசலைவிட நீர்த்தது. சூடானதும் இன்னும் நீர்த்து அந்த இடைவெளியால் பின்னுக்கு ஒழுகிவிடும், நொசிலுக்குப் போதிய அழுத்தம் வராது. அதே நேரம் உலோகத்தோடு உலோகம் உரசத் தொடங்கும். பம்ப் ஒருமுறை தேய்ந்தால் பிறகு எவ்வளவு நல்ல டீசல் ஊற்றினாலும் திரும்பி வராது.

அடுத்தது டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் செப்பரேட்டர் கிண்ணம். கண்ணாடிக்குள் கிடக்கும் சிவப்பு வளையம் அடியில் இருக்க வேண்டும். தண்ணீர் சேர்ந்தால் அது மேலே மிதக்கும். இங்கே வளையம் பாதிக்கு மேல் ஏறி நின்றது, அதன் அடியில் தேயிலைச் சாயம் போலக் கலங்கல். பில்டரைக் கழற்றினால் கடதாசி மடிப்புகளில் கறுத்த வழுவழுப்பான பாசி. டீசலும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் வளரும் பூஞ்சணம் இது. இது ஒரு நாளில் வளர்வதில்லை. விற்றவரின் பரலுக்குள் இந்த எண்ணெய் நீண்ட நாள் தண்ணீரோடு கிடந்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

விற்றவர் சொன்ன பதில்: “எங்கட எண்ணெய் சுத்தம் அண்ணை, உங்கட டாங்கியிலதான் பிழை.” அதனால் டாங்கியை விட்டுவிட்டுத் தொடாத பரலைச் சோதித்தோம். விரல் மொத்தத்தில் ஒரு மீற்றர் நீளத் தெளிந்த பிளாஸ்டிக் குழாயின் மேல்வாயைப் பெருவிரலால் அடைத்து, நிமிர்ந்து நிற்கும் பரலின் அடி முட்ட இறக்கி, விரலை எடுத்து ஐந்து வினாடி விட்டு, திரும்ப அடைத்து வெளியே எடுத்தால் பரலின் உள்ளே என்ன இருக்கிறது என்பது அப்படியே குழாய்க்குள் தெரியும். அடியில் இரண்டு சென்ரிமீற்றர் தண்ணீர். கேட்கச் சின்ன அளவுதான், ஆனால் 57 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பரலில் அது ஐந்து லீற்றர். ஒரு சின்ன டிராக்டரின் டாங்கியே 20, 30 லீற்றர்தான் பிடிக்கும்.

மண்ணெண்ணெய் கலந்ததைப் பார்க்க, அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் வேண்டும். 0.800 முதல் 0.850 வரை உள்ளதாக வாங்குங்கள். அது காட்டும் இலக்கத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். டீசலின் அடர்த்திக்கு அனுமதிக்கப்பட்ட வரம்பு அகலமானது, மூன்றில் ஒரு பங்கு மண்ணெண்ணெய் கலந்தாலும் இலக்கம் பல வேளை வரம்புக்குள் வந்து நிற்கும். கலப்படக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் அதே நாளில் ஒரு நல்ல செட்டில் ஒரு லீற்றர் வாங்கி, இரண்டையும் ஒரே சூட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளக்க வேண்டும். இங்கே 30 பாகையில் செட் டீசல் 0.829, பரல் எண்ணெய் 0.813. மண்ணெண்ணெயை 0.78 என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கலப்பு. சூடு கூடினால் இலக்கம் குறையும், பாகைக்கு 0.0007 அளவில். ஒன்றை வெயிலிலும் மற்றதை நிழலிலும் வைத்து அளந்தால் ஏமாந்துவிடுவீர்கள். நிறத்தைப் பார்த்து ‘சுப்பர்’ என்று நம்பவும் கூடாது. வெள்ளைக் கடதாசியில் ஒரு துளி விட்டால் நல்ல டீசல் கொழுப்புக் கறையாக நெடுநேரம் நிற்கும், மண்ணெண்ணெய் விரைவில் உலரும். ஆனால் மிக அதிகமாகக் கலந்திருந்தால்தான் அந்தச் சோதனையில் பிடிபடும்.

அளவுக் குறைவைப் பிடிக்கத் தராசு போதும். இங்கே 20 லீற்றர் நல்ல டீசல் 16.6 கிலோ அளவில் நிற்கும். வந்த கான்களில், கானின் எடையைக் கழித்தால், 14.7 கிலோதான் இருந்தது. கலப்புக்கும் இடம் விட்டுக் கணக்குப் பார்த்தால் 18 லீற்றர். ஒரு கானுக்கு இரண்டு லீற்றர் வீதம் ஆறு கானில் 12 லீற்றர் காசு போனது. கானில் 20 என்று அச்சடித்திருப்பது கொள்ளளவு, உள்ளே இருக்கும் எண்ணெய் அல்ல.

தண்ணீர் இருக்கிறது என்று சொன்னதும் அதே ஆள் ஒரு சின்னப் போத்தல் மருந்தை விற்கப் பார்த்தார், “இதை ஊத்தினா தண்ணி போயிரும்” என்று. வாங்காதீர்கள். இப்படி விற்கும் பல மருந்துகள் தண்ணீரை எங்கும் அனுப்புவதில்லை, எண்ணெயோடு கரைத்துவிடும். அப்போது செப்பரேட்டரில் நிற்க வேண்டிய தண்ணீர் பில்டரைத் தாண்டி நொசில் வரை போகும். சூட்டில் சட்டென்று ஆவியாகி நொசில் முனையைப் பிய்க்கும். அடியில் நிற்கும் தண்ணீருக்கு மருந்து கிடையாது, திறந்து வடித்துவிட வேண்டியதுதான்.

கெட்ட எண்ணெய் டாங்கிக்குள் போய்விட்டது என்று தெரிந்தால் ஒருமுறைகூட ஸ்டார்ட் பண்ண வேண்டாம். டாங்கியை முழுதாக வடித்து, இரண்டு லீற்றர் நல்ல டீசல் ஊற்றி அலசி, அதையும் வடியுங்கள். அலச பெற்றோலோ தண்ணீரோ வேண்டாம். கிண்ணத்தைக் கழுவி, பில்டரைப் புதிதாகப் போட்டு, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள் (எயார் எடுப்பது): பில்டர் தலையிலுள்ள திருகைத் தளர்த்தி, நுரையில்லாத எண்ணெய் வரும்வரை கைப்பம்பை அடித்து இறுக்கி, பிறகு பம்பிலுள்ள திருகையும் அப்படியே. அப்படியும் பிடிக்காவிட்டால் குழாய்களின் நொசில் பக்க நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, ஸ்டார்டரால் இஞ்சினைச் சுற்றவிடுங்கள். அந்த இடத்தில் வெறும் கையை வைக்கவே கூடாது, அழுத்தத்தோடு வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். நொசில்களை டெஸ்டரில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வகைப் பழைய குபோட்டாக்களில் திறக்கும் அழுத்தம் சதுர சென்ரிமீற்றருக்கு 140 கிலோ அளவில் வர வேண்டும், முனையில் சொட்டக் கூடாது. கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் நொசில் வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டுபோய் முனையில் வெட்டியிருக்கும் இலக்கத்தை ஒப்பிட்டு வாங்குங்கள்.

எந்த டீசல் என்று கேட்பவர்களுக்கு: பழைய மெக்கானிக்கல் பம்ப் இஞ்சினுக்குச் சாதாரண ஓட்டோ டீசல் போதும், சுப்பருக்குக் கூடக் கொடுத்து அந்த இஞ்சினில் பலம் கூடாது. கொமன் ரெயில் (மின்னணுக் கட்டுப்பாட்டில் உயர் அழுத்தத்தில் டீசல் பீச்சும் முறை), புகை பில்டர் உள்ள புது டிராக்டருக்கு மட்டும் கந்தகம் குறைந்த சுப்பர் கட்டாயம்.

வாங்கியதைப் பேணுவதிலும் கவனம் வேண்டும். கொழும்பு ஈரக்காற்றில் பாதி நிரம்பிய டாங்கியின் உட்சுவர் இரவில் வியர்க்கும், அதனால் வேலை முடிந்த மாலையே நிரப்பிவிடுங்கள். வெளியே நிமிர்த்தி வைத்த பரலின் தலையில் மழைத்தண்ணீர் தேங்கும். பகலில் விரிந்த எண்ணெய் இரவில் சுருங்கும்போது மூடியின் மரை வழியாக அந்தத் தண்ணீரை உள்ளே இழுக்கும். கூரைக்குக் கீழே வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டு மூடியும் கடிகாரத்தின் மூன்றிலும் ஒன்பதிலும் வரும்படி படுக்கவையுங்கள். பரலிலிருந்து எண்ணெய் எடுக்கும் கைப்பம்பின் குழாய் அடியைத் தொடாமல் ஐந்து சென்ரிமீற்றர் மேலே நிற்கட்டும். நாகம் (சிங்க்) பூசிய தகரக் கான் வேண்டாம், நாகம் டீசலோடு சேர்ந்து பில்டரை அடைக்கும் பிசுபிசுப்பைத் தரும். இந்த வெப்பத்தில் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட தேவைக்கு வாங்கி அடுக்காதீர்கள், பழையதை முதலில் எடுங்கள்.

லொறிக்காரரிடம்தான் வாங்க வேண்டிய நிலை என்றால், இறக்குவதற்கு முன்னரே அவர் கண்முன் குழாயை இறக்கிப் பாருங்கள், கானை நிறுங்கள், ஒரு கண்ணாடிப் போத்தலில் மாதிரி எடுத்துத் திகதியிட்டு இருவரும் கையெழுத்துப் போட்டு ஒட்டிவையுங்கள். பில் கையில் வரும்வரை காசு கொடுக்க வேண்டாம். நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடும்போது அந்தப் போத்தலும் பில்லும்தான் பேசும். இந்த விற்பனையாளரிடம் பில் கேட்டபோது, புத்தகம் ஒபீஸில் இருக்கிறது, நாளைக்குக் கொண்டுவந்து தருகிறேன் என்றார். இன்றுவரை தரவில்லை.