இஜென் எரிமலைக்கு இரவில் ஏறப் போகிறவர்களுக்கு: என் 18 லட்சம் ரூபியா போன விதம்

முந்தாநாள் அதிகாலை நடந்தது. இருமல் இன்னும் நிற்கவில்லை, கோபமும் நிற்கவில்லை. கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்தோனேசியாவில், பாலித் தீவின் தென்பகுதியில், ஸ்கூட்டர் வாடகை, படகு டிக்கெட், மலையேற்றம் எல்லாவற்றையும் ஒரே மேசையில் விற்கிற சின்னக் கடை. என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

நானும் தம்பியும் தலைக்கு 9 லட்சம் வீதம் 18 லட்சம் ரூபியா கட்டினோம். வண்டி, இஜென் இருக்கும் ஜாவாத் தீவுக்குப் படகு, நுழைவுச் சீட்டு, மருத்துவச் சான்றிதழ், வழிகாட்டி, நச்சுப்புகை முகமூடி எல்லாம் அடக்கம் என்றார் கடைக்காரர். நான் தயங்கியபோது உள்ளே போய் ஒரு முகமூடியை எடுத்துவந்தார். இரு பக்கமும் உருண்டையாக வடிகட்டி வைத்தது. என் முகத்தில் தானே மாட்டி, பின்னால் வாரை இழுத்துச் சரிசெய்து, "மூச்சை இழுங்கள், இதைப் போட்டால் கந்தகம் ஒன்றும் செய்யாது" என்றார். தன் மகளும் இதைத்தான் போட்டுக்கொண்டு ஏறினாள் என்றார். மகள் என்றதும் என் கை பைக்குள் போய்விட்டது. அந்த ஒரு நிமிடத்துக்காக இப்போது என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

இந்த மலையில் விற்கப்படுவதே இருட்டுதான். "நீல லாவா" என்று சொல்லித்தான் ஆள் பிடிக்கிறார்கள். அது லாவா இல்லை. பாறை இடுக்கிலிருந்து 600 டிகிரி வரை சூடாக வெளிவரும் கந்தக வாயு காற்றில் பட்டுப் பற்றி எரிகிறது, அந்தச் சுடர் நீலம். பொழுது வெளுத்தால் கண்ணுக்குத் தெரியாது. பால்டுடிங் என்ற அடிவாரத்திலிருந்து எரிமலை வாய்ப் பள்ளத்தின் விளிம்புக்கு 3 கிலோமீட்டர், ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் ஏற வேண்டும். அதன் பிறகு கந்தகம் வெட்டும் சுரங்கத் தொழிலாளர்களின் கற்பாதையில் உள்ளே இறங்க வேண்டும். இரண்டு மணிக்கெல்லாம் நடக்கத் தொடங்கினால்தான் உண்டு.

இரவு 9 மணிக்கு வரவேண்டிய வண்டி 11 மணிக்கு வந்தது. கேட்டதற்கு ஓட்டுநர் சிரித்துக்கொண்டே, "ஜாவாவில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால், உங்களுக்கு லாபம்" என்றார். கடிகாரம் பின்னால் போகலாம், சூரியன் போகுமா? அடிவாரம் சேர்ந்தபோது அந்த ஊர் நேரப்படி மூன்றரை. சீட்டுக்குத் தனியாகப் பணம் கேட்டார்கள், கொடுத்தோம். மருத்துவச் சான்றிதழ் முன்பே எழுதித் தயாராக இருந்தது. நான் யாரிடமும் கையை நீட்டாமலே என் இரத்த அழுத்தம் அதில் இருந்தது! எங்களுக்கென்று தனி வழிகாட்டி என்றவர்கள் பதினான்கு பேருக்கு ஒருவரைக் கொடுத்தார்கள்.

விளிம்பை அடைந்தபோது வானம் வெளுத்துவிட்டது. கீழே பச்சை நீல அமில ஏரி, அதன் ஓரத்தில் மஞ்சள் கந்தகம், வெள்ளைப் புகை. அழகுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். நீலச் சுடர் மட்டும் இல்லை.

அப்போது காற்று திரும்பியது. முகமூடி போட்டிருந்தும் தொண்டையில் மிளகாயைக் கரைத்து ஊற்றியதுபோல எரிந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. தம்பி குனிந்து வாந்தி எடுத்தான். எழுபது கிலோவுக்குக் குறையாத கந்தகக் கூடைகளைத் தோளில் சுமந்து ஏறிவந்த ஒரு தொழிலாளி, சுமையை இறக்கி வைத்துவிட்டுத் தன் ஈரத்துணியைக் கொடுத்து எங்களை மேட்டுக்கு இழுத்துப் போனார். அவர் எங்களிடம் ஒரு காசு கேட்கவில்லை. புகை விலகியதும் முகமூடியின் வடிகட்டியைத் திருகித் திறந்தேன். உள்ளே ஒரு துண்டு ஸ்பாஞ்சு. கடையில் என் முகத்தில் மாட்டியது வேறு, கையில் கொடுத்தது வேறு. கடைக்காரர் எனக்கு இனி ‘அவர்’ இல்லை, ‘அவன்’.

திரும்பி வந்து கேட்டால், "முதலாளி கோயில் விழாவுக்குப் போயிருக்கிறார்." மாலையில், "இயற்கைக்கு நாங்கள் உத்தரவாதம் தர முடியுமா?" தாமதமாக வந்தது இயற்கையா? நேற்று நேரில் போனேன். "பள்ளத்தைப் பார்த்தீர்கள் அல்லவா, ஏரியைப் பார்த்தீர்கள் அல்லவா, பிறகென்ன?" ஸ்பாஞ்சை மேசையில் வைத்தேன். அது அடிவாரத்து ஆட்களின் வேலை என்று கையை விரித்தான். 18 லட்சம் ரூபியாவில் பாதியாவது கொடு என்றதற்கு, அடுத்த பயணத்தில் பத்து விழுக்காடு தள்ளுபடி தருவானாம். இன்று காலை முதல் என் செய்தியைப் படிக்கிறான், பதில் இல்லை.

ஆலோசனை என்றேன். பெரிதாக எழுதும் நிலையில் இல்லை, தம்பியை மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். முழுப்பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள். முடிந்தால் முதல் நாளே ஜாவா பக்கத்து ஊரான பன்யுவாங்கியில் வந்து தங்கிவிடுங்கள், பாலியிலிருந்து ஒரே இரவில் ஓடாதீர்கள். முகமூடியை அடிவாரத்திலேயே திறந்து பாருங்கள். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பாதையை மூடிவிடுவார்கள்; நேற்று நான் அங்கே நின்றபோதே ஒரு வயதான தம்பதிக்கு அந்த வெள்ளிக்கிழமைக்குத்தான் ரசீது எழுதிக்கொண்டிருந்தான். அவர்களிடம் சொன்னேன். என்னைத்தான் சந்தேகமாகப் பார்த்தார்கள்.