ஓட்டக்காரர்களுக்கு வலை விரிக்கும் போலி வேலை ஏஜென்ட்: ஓர் எச்சரிக்கை

வேறு நாட்டில் குடியேற ஆசைப்பட்டு அங்கே வேலை தேடுகிறீர்கள், கூடவே மாரத்தானுக்கோ, நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லானுக்கோ பயிற்சியும் நடக்கிறது என்றால் இதை முழுசாகப் படியுங்கள். என்னிடம் பணம் பறித்தவர்கள் ஆயிரம் பேருக்கு ஒரே மெயிலை அனுப்பிவிட்டு யார் சிக்குவார்கள் என்று காத்திருக்கும் ரகம் இல்லை. எனக்கு என்ன வேண்டும் என்று முதலில் படித்துத் தெரிந்துகொண்டார்கள். அப்புறம் என் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி ஒரு வேலையைக் கொண்டுவந்து நீட்டினார்கள்.

மலையடிவாரத்தில் ஓட்டப் பாதைகள் நிறைந்த ஓர் ஊரில் போய் வாழ வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அந்த ஊரின் பெயரும் நான் குறிவைத்திருந்த பந்தயமும் என் ஓட்டச் செயலியில் எல்லாரும் பார்க்கும்படி இருந்தன. வேலை தேடும் தளத்தில் அதே பெயர், அதே புகைப்படம், 'இடம் மாறத் தயார்' என்ற குறிப்பு. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவருக்கு என்னைப் பற்றி வேறு எதுவும் தேவையில்லை.

வந்த மெயில் அப்படித்தான் இருந்தது. சரக்குப் போக்குவரத்துத் திட்டமிடலில் என் அனுபவத்துக்கு ஏற்ற வேலை. நான் நினைத்த அதே ஊர். காலை பத்து மணிக்குத்தான் அலுவலகம் தொடங்கும், வாரத்தில் ஒரு நாள் வீட்டிலிருந்தே வேலை, ஊழியர்களுக்கென்று ஓட்டக் குழு, பந்தய நுழைவுக் கட்டணத்தை நிறுவனமே கட்டும். அந்தப் பெயரில் அந்த ஊரில் உண்மையாகவே ஒரு நிறுவனம் இருக்கிறது. முகவரியும் சரியானது. அந்த நிறுவனத்துக்கும் இந்த மோசடிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, பாவம், அதன் பெயரைத் திருடியிருக்கிறார்கள்.

இன்டர்வியூவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மோசடி அங்கேயே தெரிகிறது. முதல் சுற்று வெறும் சாட். இரண்டாவது சுற்றில் குரல் மட்டும். பேட்டி எடுத்தவர் பக்கம் கேமரா "வேலை செய்யவில்லை". நம் மொழியிலேயே பேசினார், பணிவாகப் பேசினார். பாதி நேரம் ஓட்டத்தைப் பற்றித்தான் பேச்சு. வாரத்துக்கு எவ்வளவு ஓடுகிறீர்கள், லாங் ரன், அதாவது வாரத்தின் நீண்ட ஓட்டம், எந்தக் கிழமை, என்ன நேரத்தில் முடிக்க இலக்கு என்றெல்லாம் கேட்டார். "எங்க டைரக்டரும் மாரத்தான் ஓடுறவர்தான் சார், உங்க ப்ரொஃபைலைப் பார்த்ததும் இவரை விட்டுடாதீங்கன்னு சொல்லிட்டார்" என்றார். வேலையைப் பற்றி மேலோட்டமாக இரண்டு கேள்வி, அவ்வளவுதான். எந்த மென்பொருளில் வேலை செய்திருக்கிறேன் என்றுகூடக் கேட்கவில்லை. நான் யாருக்குக் கீழே வேலை செய்யப் போகிறேனோ அந்த ஆள் கடைசி வரை பேசவே இல்லை. வெளிநாட்டிலிருந்து ஒருவரை வரவழைக்க ஒரு நிறுவனம் நிறையச் செலவழிக்கிறது. அப்படிச் செலவழிக்கிறவர்கள் வேலையைத்தான் துருவித் துருவிக் கேட்பார்கள்.

ஆஃபர் லெட்டர் சீக்கிரமே வந்துவிட்டது. லோகோ, முத்திரை, கையெழுத்து எல்லாம் கச்சிதம். கூடவே ஒரு குறிப்பு: 'பணி அனுமதிக் கோப்பு திறக்க டெபாசிட், முதல் சம்பளத்தோடு திருப்பித் தரப்படும்.' ஏறக்குறைய என் ஒரு மாதச் சம்பளம். கட்டினேன். கட்டிய பிறகு 'ஆவணச் சரிபார்ப்பு' என்று இன்னொரு சிறிய தொகை. அதையும் வாங்கிக்கொண்டார்கள். இரண்டும் நிறுவனத்தின் பெயரில் இல்லாத, தனிநபர் வங்கிக் கணக்குகளுக்குப் போயின.

வேலை தருகிறவர் வேலை தேடுகிறவரிடம் பணம் கேட்கக் கூடாது என்பது நல்லெண்ணம் சார்ந்த விஷயம் மட்டும் இல்லை. ஐ.எல்.ஓ. என்கிற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1997-இல் கொண்டுவந்த 181-ஆவது உடன்படிக்கையின் 7-ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது: தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் தொழிலாளர்களிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ, முழுசாகவோ பகுதியாகவோ கட்டணம் வசூலிக்கக் கூடாது. எல்லா நாடுகளும் இந்த உடன்படிக்கையை ஏற்கவில்லை, சில நாடுகளில் உரிமம் பெற்ற முகமைகள் ஓர் அளவுக்குள் கட்டணம் வாங்கச் சட்டமே இடம் தருகிறது. அப்படி வாங்கினாலும் உரிம எண் இருக்கும், ரசீது இருக்கும், பணம் முகமையின் கணக்குக்குப் போகும். 'திருப்பித் தருவோம்' என்ற சொல்லோடு ஒரு தனிநபர் கணக்குக்குப் பணம் கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள்.

பணம் கைக்குப் போனதும் அவசரம் தொடங்கியது. விசா ஸ்லாட் நாளைக்குக் காலையில் முடிகிறது, இந்தப் படிவம் இப்போதே வேண்டும், டைரக்டர் எந்த நேரமும் கூப்பிடலாம், போனைக் கையிலேயே வைத்திருங்கள். கூப்பிடுகிற நேரத்தைக் கவனித்தால் பெரும்பாலும் என் லாங் ரன் நேரம். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு ஓடுகிறேன் என்று அவருக்குத்தான் தெரியுமே. மூச்சு வாங்கிக்கொண்டு, பாதி வழியில் நின்றுகொண்டு பேசுகிற ஆள் நிதானமாக யோசித்துக் கேள்வி கேட்க மாட்டான் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். இதை நான் வெறும் தற்செயல் என்று நினைக்கவில்லை.

அந்த வாரங்களில் பயிற்சி சிதறிப்போனது. அதையும் நஷ்டக் கணக்கில்தான் சேர்க்கிறேன். நன்றாகப் பயிற்சி பெற்றவர்கள் முழுசாக நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்று உடற்பயிற்சி ஆய்வாளர் எட்வர்ட் காயிலின் குழு 1984-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. உடல் அதிகபட்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன் அளவு, அதாவது விஓ2 மேக்ஸ், முதல் 21 நாளில் சுமார் 7 சதவீதமும் 56 நாளில் சுமார் 16 சதவீதமும் குறைந்தது. ஆனால் ராபர்ட் ஹிக்சன் என்ற இன்னொரு ஆய்வாளர் 1980-களில் செய்த ஆய்வுகள் தெம்பு தருகின்றன. வாரத்தில் ஓடும் நாட்களையோ ஓடும் நேரத்தையோ வெகுவாகக் குறைத்தாலும், தீவிரத்தைக் குறைக்காமல் இருந்தால், சேர்த்த விஓ2 மேக்ஸ் பல வாரங்களுக்குத் தாக்குப்பிடிக்கிறது. வேலை தேடும் அலைச்சலில் இருக்கிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். நேரம் இல்லாத வாரத்தில் இரண்டு நாள் ஓடினால் போதும், அதில் ஒரு நாள் கடுமையாக ஓடுங்கள். லாங் ரன் போகும்போது போனை சைலன்ட்டில் போடுங்கள். உண்மையான ஹெச்.ஆர். யாரும் நீங்கள் இரண்டு மணி நேரம் கழித்துத் திருப்பிக் கூப்பிட்டால் வேலையை ரத்து செய்ய மாட்டார்.

அடுத்தது, இப்போதைய வேலையை உடனே ராஜினாமா செய்யச் சொல்லி நெருக்கடி. "ரிலீவிங் லெட்டர் இருந்தாதான் சார் ஃபைல் நகரும்" என்றார். இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமும் பணி அனுமதியும் கைக்கு வந்த பிறகுதான் என்று சொல்லிவிட்டேன். குரலில் இருந்த பணிவு அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கொஞ்சம் குறைந்தது.

கடைசியில் குட்டு உடைந்தது என் இதயத் துடிப்பில். மருத்துவப் பரிசோதனை செய்து இசிஜி அனுப்பச் சொன்னார்கள். செய்து அனுப்பினேன். ஓய்வில் துடிப்பு நிமிடத்துக்கு 46 என்று இருந்தது. மறுநாள் போன்: "ஹார்ட் ரேட் ரொம்பக் கம்மியா இருக்கு சார். நார்மல் அறுபதுலேருந்து நூறு. இப்படியே போட்டா விசா ரிஜெக்ட் ஆயிடும். எங்க ஸ்பெஷலிஸ்ட் கிட்ட ஒரு கிளியரன்ஸ் வாங்கிடலாம், ஃபீஸ் மட்டும் போட்டுடுங்க."

வேறு யாராவது இருந்தால் பயந்துபோய்ப் பணத்தைக் கட்டியிருப்பார்கள். அதை நினைத்தால்தான் எனக்குக் கோபம் அதிகமாக வருகிறது. வயது வந்தவர்களுக்கு ஓய்வில் 60 முதல் 100 வரை இயல்பு என்பது சரிதான். ஆனால் ஆண்டுக்கணக்கில் நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கு, சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு, நீந்துகிறவர்களுக்குத் துடிப்பு 40-களில் இருப்பது சர்வசாதாரணம். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் அதிக ரத்தத்தைத் தள்ளுவதால் குறைவாகத் துடித்தாலே போதும். விளையாட்டு வீரர்களின் இசிஜியை எப்படிப் படிப்பது என்று 2017-இல் வெளியான சர்வதேசப் பரிந்துரைகள், நிமிடத்துக்கு 30 வரை உள்ள சீரான துடிப்பைக்கூட வேறு கோளாறு இல்லாதபட்சத்தில் இயல்பு என்றே வைத்திருக்கின்றன. (தலைசுற்றல், மயக்கம் இருந்தால் கதை வேறு, அப்போது கட்டாயம் டாக்டரிடம் போக வேண்டும்.) மாரத்தான் ஓடும் டைரக்டர் இருக்கிற, ஓட்டக் குழு நடத்துகிற ஒரு நிறுவனத்தில் ஓர் ஓட்டக்காரனின் மெதுவான துடிப்பைப் பார்த்து யாரும் அலற மாட்டார்கள். எந்த டாக்டர் நிராகரித்தார், எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டேன். வரவில்லை. அதற்குப் பதிலாக, 'முதலில் சுற்றுலா விசாவில் வந்துவிடுங்கள், இங்கே வந்து மாற்றிக்கொள்ளலாம்' என்று செய்தி வந்தது. சுற்றுலா விசாவில் போய் வேலை செய்வது பொதுவாக எந்த நாட்டிலும் சட்டவிரோதம். மாட்டினால் திருப்பி அனுப்புவார்கள், பல வருடம் நுழையவே தடையும் வரலாம். குடியேற ஆசைப்பட்ட ஊருக்கே போக முடியாமல் போய்விடும்.

அன்றைக்கே அந்த நிறுவனத்தின் உண்மையான இணையதளத்துக்குப் போய், அதில் இருந்த பொது எண்ணுக்குப் போன் செய்தேன். மெயிலில் இருந்த எண்ணுக்கு இல்லை. அதில் கூப்பிட்டால் மோசடிக்காரர்களேதான் எடுப்பார்கள். அப்படி ஒரு பணியிடமே இல்லை என்றார்கள் நிறுவனத்தில். மெயில் வந்த டொமைனில், அதாவது மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயரில், நிறுவனத்தின் பெயரோடு ஒரு சிறு கோடும் 'கேரியர்ஸ்' என்ற சொல்லும் ஒட்டியிருந்தன. இணையப் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் (ICANN) அமைப்பின் தேடல் பக்கத்தில் டொமைன் பெயரைப் போட்டால் பெரும்பாலானவற்றுக்கு எப்போது பதிவானது என்று தெரிந்துவிடும். பல வருடமாக நடக்கிற நிறுவனம் என்று சொல்லிக்கொண்டது, டொமைன் பிறந்ததோ எனக்கு மெயில் வருவதற்குச் சற்று முன்புதான்.

பணம் போனது தெரிந்ததும் முதல் வேலை வங்கிக்குப் போன் செய்வது, போலீஸ் எல்லாம் அப்புறம். பணம் இன்னும் அந்தக் கணக்கில் இருந்தால் முடக்க வாய்ப்பு உண்டு, ஆனால் அவர்கள் சில மணி நேரத்துக்குள்ளேயே அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாற்றிவிடுவார்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது, கேட்கலாம். நான் நேரடியாக வங்கிப் பரிமாற்றம் செய்ததால் அந்த வழி இல்லை. இரண்டாவதாக அனுப்பிய சிறு தொகை முடக்கப்பட்டிருக்கிறது, பெரியது போனது போனதுதான். மெயில்களை அழிக்காதீர்கள், ஸ்க்ரீன்ஷாட்டோடு நிறுத்தாமல் மூல மெயிலையே வைத்திருங்கள். எந்த சர்வரிலிருந்து வந்தது என்ற விவரம் அதற்குள்தான் இருக்கிறது. பாஸ்போர்ட் நகல் கொடுத்திருந்தால் அதையும் புகாரில் எழுதுங்கள். நாளைக்கு உங்கள் பெயரில் கடனோ சிம்மோ வாங்கப்பட்டால் அந்தப் புகார்தான் உங்களுக்கு ஆதாரம்.

செயலி விஷயத்துக்கு வருகிறேன். ஓட்டப் பதிவுகள் எவ்வளவு காட்டிக்கொடுக்கும் என்பதற்கு ஊரறிந்த உதாரணம் ஒன்று உண்டு. ஸ்ட்ராவா என்கிற ஓட்டப் பதிவுச் செயலி 2017 நவம்பரில் வெளியிட்ட, பயனர்கள் அதிகம் ஓடிய இடங்கள் ஒளிரும் உலக வெப்ப வரைபடத்தில், வீரர்கள் ஓடிய தடங்களால் ராணுவ முகாம்களின் அமைப்பே பாலைவனத்தில் பளிச்சென்று தெரிந்தது. அது 2018 ஜனவரியில் உலகம் முழுக்கச் செய்தியானது. ராணுவத்துக்கே அந்த நிலை. கணக்கை உங்களைப் பின்தொடர்பவர்களுக்கு மட்டும் என்று மாற்றுங்கள், ஓட்டம் தொடங்கும் முடியும் இடங்களை மறையுங்கள், வேலைத் தளத்தில் உள்ள படத்தையே அங்கேயும் வைக்காதீர்கள்.

நான் வேலை தேடுவதை நிறுத்தவில்லை, அந்த ஊரையும் விடவில்லை. இப்போது ஓர் அழைப்பு வந்தால் முதலில் அதில் ஓட்டத்துக்குச் சாதகமாக இருக்கும் எல்லாவற்றையும் பேனாவால் அடித்துவிடுகிறேன். ஓட்டக் குழு, பத்து மணி அலுவலகம், மலைப்பாதை எல்லாம் போன பிறகு மிச்சம் இருக்கும் வேலை வேலையாக நிற்கிறதா என்று பார்க்கிறேன். பொறுப்பு என்ன, மேலாளர் யார், சம்பளம் அந்த ஊர் நிலவரத்துக்கு ஒத்துவருகிறதா என்று தேடுகிறேன். எனக்கு வந்த அந்த மெயிலில் இப்படி அடித்தால் நிறுவனத்தின் பெயரைத் தவிர எதுவுமே மிஞ்சாது.

இன்னொன்று. ஏமாந்ததாக எங்கே எழுதினாலும், இழந்த பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று சிலர் உள்பெட்டிக்கு வருவார்கள். வக்கீல் என்பார்கள், சைபர் பிரிவு என்பார்கள், அடையாள அட்டைப் படம்கூட அனுப்புவார்கள், முன்பணம் கேட்பார்கள். எனக்கே ஒருவர் வந்துவிட்டார். பதில் போடாமல் பிளாக் செய்யுங்கள், அந்த எண்ணையும் அதே புகாரோடு சேர்த்துக் கொடுங்கள்.