டி-76, ரோடினால்: தட்டுப்பாட்டுக் காலத்தில் எந்த டெவலப்பர்?

கறுப்பு வெள்ளை பிலிமை வீட்டிலேயே கழுவுகிறவர்கள் ஒரு காலத்தில் படத்தின் தரத்தை மட்டும் பார்த்து டெவலப்பரை, அதாவது பிலிமில் படத்தை வெளிக்கொணரும் மருந்தை, தேர்ந்தெடுத்தார்கள். ஊட்டியில் 1960இல் நிறுவப்பட்டு, ‘இந்து’ என்ற பெயரில் பிலிமும் தாளும் தந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் மூடப்பட்டது. 2005இல் ஜெர்மனியின் அக்ஃபாபோட்டோவும் 2012இல் கோடக்கும் திவாலாயின. இப்போது, அடுத்த ஆண்டும் இந்த மருந்து கிடைக்குமா என்பதே முதல் கேள்வி.

படத்தின் தரத்தில் என் வாக்கு, 1927 முதல் புழக்கத்தில் உள்ள கோடக்கின் டி-76க்கே. அதிலுள்ள மிகுதியான சல்ஃபைட் உப்பு, படத்தை உருவாக்கும் வெள்ளித் துகள்களின் விளிம்பைச் சற்றே கரைப்பதால் முகங்களில் சாம்பல் நிறப் படிநிலைகள் மென்மையாக விழும். 1891இல் பிறந்த ரோடினால் விளிம்புகளைக் கூர்மையாக்கும். துகள்களையும் எடுத்துக் காட்டும். ஒளியுணர்வு குறைந்த 100 வேகப் (ஐஎஸ்ஓ) பிலிமில் அது அழகு, 400 வேக 35 மி.மீ. பிலிமில் முகம் சொரசொரக்கும்.

ஆயுளில் நிலைமை தலைகீழ். டி-76 தூளைக் கரைத்துவிட்டால், நிரம்பிய புட்டியில் ஆறு மாதம்தான் தாங்கும். பாதி காலியான புட்டியில் காற்றுப் பட்டு இன்னும் விரைவில் கெடும். ரோடினாலோ திறந்த பிறகும் நிறம் கறுத்தபடியே பல ஆண்டுகள் வேலை செய்யும். ஒரு பங்கு மருந்துக்கு 50 பங்கு நீர் என்ற 1:50 கலவையில் 300 மி.லி. தொட்டிக்கு 6 மி.லி. போதும்.

ஆனால் ஆலையே நின்றுபோனால்? டி-76இன் செய்முறை ஊரறிந்தது: ஒரு லிட்டருக்கு மெட்டால் (படத்தை வெளிக்கொணரும் வேதிப்பொருள்) 2 கிராம், நீரற்ற சோடியம் சல்ஃபைட் 100, ஹைட்ரோகுவினோன் 5, போராக்ஸ் 2. மெட்டால் தவிர மற்றவற்றுக்குப் பிற தொழில்களிலும் பயன் உண்டு என்பதால் அவை எளிதில் மறையா. பிரிட்டிஷ் நிறுவனமான இல்ஃபோர்டின் ஐடி-11உம் ஏறத்தாழ இதே மருந்துதான். ரோடினாலை ஜெர்மனியின் அடாக்ஸ் இன்றும் தயாரிக்கிறது. பாராசிட்டமாலைக் காஸ்டிக் சோடாவில் சிதைத்து அதற்கு நிகரானதைச் செய்வோரும் உண்டு என்றாலும், கண்ணையும் தோலையும் அரிக்கும் அந்த வேலையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வெப்பத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். கழுவும் நேரங்கள் பொதுவாக 20 டிகிரிக்கே தரப்படுகின்றன. நம் கோடைத் தண்ணீரில் நீர்க்காத டி-76இன் நேரம் ஐந்து நிமிடத்துக்கும் கீழே இறங்கி, நெகட்டிவில் திட்டுகள் விழக்கூடும். அங்கே, நேரம் நீள, 1:1 ஆக நீர்த்துக்கொள்வது கட்டாயம்.

எப்போதாவது ஒரு சுருள் கழுவுகிறவர்கள் ரோடினாலையே வாங்கலாம். வாரந்தோறும் முகப்படங்கள் எடுப்பவர்கள் டி-76ஐ விடாமல், மெட்டாலை மட்டும் இப்போதே சேமித்துக்கொள்ளட்டும்.