செங்கல்பட்டில் பூட்டிய 3 சீரிஸ்: பழசில் எது தேறும்?

"பழைய பிஎம்டபிள்யூ ஒண்ணு பாக்கணும்" என்று எந்தப் புரோக்கரிடம் கேட்டாலும் அவர் கை 3 சீரிஸின் 320டி பக்கம்தான் நீளும். டீசல், மைலேஜ், திரும்ப விற்றாலும் போகும் என்று மூன்று காரணமும் சொல்வார். கொஞ்சம் பசையுள்ள ஆள் என்று தெரிந்தால் 328ஐ-யைக் காட்டுவார். மூலையில் தூசி படிந்து நிற்கிற, ஈ90 என்ற பழைய தலைமுறை 330ஐ-யைப் பற்றிக் கேட்டால், "அது பெட்ரோல் சார், குடிக்கும்" என்று பேச்சை முடித்துவிடுவார்.

ஓட்டும் ஆசைக்காக வாங்குகிறவருக்கு நான் கைகாட்டுவது அந்த மூலையில் நிற்கிற காரைத்தான். அது பழைய தலைமுறை வண்டி, மூன்றில் தாகம் அதிகமுள்ளதும் அதுதான். இருந்தாலும் அதைச் சொல்கிறேன் என்றால் காரணம் பானட்டுக்கு அடியில் இருக்கிறது.

முதலில் ஒரு மூடநம்பிக்கையைத் தள்ளிவிடுவோம். செங்கல்பட்டு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பிஎம்டபிள்யூ ஆலை 2007 மார்ச்சில் திறந்தது. ஈ90 தலைமுறை 3 சீரிஸும் அதற்கு அடுத்த எஃப்30-யும் அங்கேதான் பூட்டப்பட்டன. "நம்ம ஊர்ல செஞ்ச வண்டி, பார்ட்ஸ் சீப்பா கிடைக்கும்" என்று இதை வைத்துச் சொல்பவர்கள் உண்டு. அந்த நாட்களில் அது பெட்டி பெட்டியாக வந்திறங்கிய பாகங்களைப் பூட்டுகிற ஆலை. உள்ளூர்ப் பாகங்களின் பங்கைப் பாதியளவுக்கு உயர்த்துவதாக அவர்கள் அறிவித்ததே 2015 வாக்கில்தான். 2010-ல் வெளிவந்த காருக்கு ஒரு வாட்டர் பம்ப் வேண்டுமென்றால் அது இன்றும் கடல் கடந்துதான் வரும். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிச் சந்தையில் கதவும் பம்பரும் கிடைக்கலாம். தேய்கிற உதிரிகளைப் புதிதாக வாங்குவதே நல்லது.

இனி என்ஜின்களுக்கு வருவோம். இந்த ஒப்பீட்டில் முக்கால் பங்கு அதுதான்.

320டி-யில் இருப்பது என்47, 1,995 சிசி டீசல். ஈ90-யில் முதலில் 177 குதிரைத்திறன், 2010-லிருந்து 184. 350, பிறகு 380 என்எம் முறுக்குவிசை குறைந்த சுற்றிலேயே கிடைப்பதால் நெடுஞ்சாலையில் லாரியைத் தாண்ட மிதித்தால் போதும், முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்ளும். குறை எதிலென்றால், வால்வுகளைப் பிஸ்டனோடு தாளம் தப்பாமல் ஓட்டும் டைமிங் செயினில். பெரும்பாலான என்ஜின்களில் முன்பக்கம் இருக்கும் செயின் இதில் பின்னால், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. தேய்ந்து தளர்ந்துவிட்டால் மாற்றுவதற்கு என்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும். 2007-க்கும் 2011 தொடக்கத்துக்கும் இடையில் வந்தவற்றில்தான் புகார் அதிகம். ஈ90 320டி என்று இன்று விற்பனைக்கு நிற்பவற்றில் பெரும்பகுதி அந்தக் காலத்து வண்டிகள். காலையில் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து, முன்னால் நிற்காமல் டேஷ்போர்டு பக்கம் காதை வைத்துக் கேளுங்கள். அங்கிருந்து உரசல் சத்தம் வந்தால் விலையைக் குறைத்துப் பேச வேண்டாம், வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

எஃப்30 உடலில் வரும் 328ஐ-யில் இருப்பது என்20. 1,997 சிசி, நான்கு சிலிண்டர், ஒரு டர்போ. 245 குதிரைத்திறன், 350 என்எம். அந்த 350 வெறும் 1,250 சுற்றிலேயே வந்துவிடுகிறது. எட்டு வேக ஆட்டோமேட்டிக்கும் சேர்ந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை ஆறு விநாடி சொச்சத்தில் தொடும். காகிதத்தில் மூன்றிலும் கெட்டி இதுதான். இதற்கும் செயின்தான் வினை. செயின் ஓடும் தடத்திலிருக்கும் பிளாஸ்டிக் வழிகாட்டிகள் வருடக்கணக்கில் சூட்டில் வெந்து மொறுமொறுப்பாகி, உடைந்து, துண்டுகள் ஆயில் தொட்டிக்குள் விழுகின்றன. 2015 தொடக்கம் வரை வந்த என்ஜின்களில் இது தெரிந்த நோய். அமெரிக்காவில் வழக்கு வரை போய்ச் சமரசமானது. ஆக்ஸிலரேட்டரை மெல்ல அழுத்தும்போது சன்னமாக ஊளையிடுகிற சத்தம் கேட்டால் அது டர்போ பாடுகிறது என்று புரோக்கர் சொல்வார். நம்பாதீர்கள், செயினாகவும் இருக்கலாம். வழிகாட்டிகளை மாற்றியதற்கான பில் இருந்தால் மட்டும் மேற்கொண்டு பேசலாம். பில் இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழித்துவிட்டு, வாங்கிய கையோடு மாற்றிவிட வேண்டும்.

330ஐ-யில் இருப்பது என்52. 2,996 சிசி, ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர், 258 குதிரைத்திறன். டர்போ கிடையாது, சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் உயரழுத்தச் சமாச்சாரமும் கிடையாது. அதனால் அவை இரண்டும் கொண்டுவரும் வியாதிகளும் இல்லை. முறுக்குவிசை 300 என்எம்-ஐ ஒட்டி, அதுவும் கொஞ்சம் சுற்றவிட்டால்தான் முழுதாக வரும்.

இந்த என்ஜினின் உடல் (பிளாக்) ஒரு விசித்திரம். சிலிண்டர்களும் கூலன்ட் ஓடும் பாதையும் அலுமினியம், அதைச் சுற்றி வார்த்திருப்பது மெக்னீசியம். எடை குறைக்கச் செய்த வேலை. மெக்னீசியத்தில் இரும்பு போல்ட் பட்டால் அரிக்கும் என்பதால் போல்ட்டுகளும் அலுமினியம். ஒருமுறை கழற்றினால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதைத்தான் பூட்ட வேண்டும். இது தெரியாத மெக்கானிக் பழைய போல்ட்டையே திரும்ப முறுக்குவார். அது உடைந்து உள்ளேயே மாட்டிக்கொள்ளும். எனவே காரைத் தேடும் முன்பு இந்த என்ஜினைக் கழற்றிப் பூட்டிய ஓர் ஆளைத் தேடுங்கள். "அலுமினிய போல்ட் தெரியுமா?" என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும்.

இதற்கும் நோய்கள் உண்டு, மறைக்கவில்லை. வாட்டர் பம்ப் மின்சாரத்தில் ஓடுகிறது, லட்சம் கிலோமீட்டரை ஒட்டி ஒருநாள் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றுபோகும். திண்டிவனம் தாண்டி நடுரோட்டில் சூடு விளக்கு எரியும்வரை காத்திருக்காமல் தெர்மோஸ்டாட்டோடு சேர்த்து முன்கூட்டியே மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். வால்வு கவர் கேஸ்கெட் கசிந்து ஆயில் எக்ஸாஸ்ட்டில் சொட்டினால் சிக்னலில் நிற்கும்போது கருகல் நெடி ஏசிக்குள் வரும். ஆயில் ஃபில்டர் தாங்கியின் கேஸ்கெட்டும் கசியும். அதை அலட்சியமாக விட்டால் ஆயில் பெல்ட்டில் பட்டு, பெல்ட் நழுவி வேறு பெரிய வம்பில் கொண்டுபோய் விடும். ஆயில் அளவு பார்க்கக் குச்சி கிடையாது, திரையில்தான் பார்க்க வேண்டும். நம் மெக்கானிக்குகளுக்கு இது ஏனோ பெரிய மனக்குறை.

வித்தியாசத்தைக் கவனியுங்கள். 330ஐ-யின் நோய்கள் கசிவும் தேய்மானமும். கண்ணுக்குத் தெரியும், மூக்குக்குத் தெரியும், என்ஜினை இறக்காமல் முடிகிற வேலைகள். மற்ற இரண்டின் நோய் உள்ளே, செயினில். அது அறுந்தாலோ பல் தாண்டினாலோ ரிப்பேர் என்ற பேச்சே இல்லை, என்ஜினையே மாற்ற வேண்டியதுதான்.

"குடிக்கும்" என்ற குற்றச்சாட்டுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இப்படிப்பட்ட காரை யாரும் தினசரி அலுவலகத்துக்கு ஓட்டித் தேய்ப்பதில்லை. வருடத்துக்கு 8,000 கிலோமீட்டர் என்று வையுங்கள். ஊரும் நெடுஞ்சாலையும் கலந்து 330ஐ லிட்டருக்கு 8 தந்தால் 1,000 லிட்டர், லிட்டர் 100 ரூபாய் என்றால் ஒரு லட்சம். 320டி 13 தந்தால் 615 லிட்டர், 92 ரூபாய் வீதம் 56,600 சொச்சம். வித்தியாசம் வருடத்துக்கு 43,000 ரூபாய். சின்னத் தொகை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என்ஜினை இறக்கிச் செயின் மாற்றும் ஒரே ஒரு பில் இந்தச் சேமிப்பில் சில வருடங்களை அப்படியே விழுங்கிவிடும். வருடம் 25,000 கிலோமீட்டர் ஓடுகிறவர் என்றால் கணக்கு தலைகீழ். அவர் 2012-க்குப் பிந்தைய எஃப்30 320டி-யைப் பார்ப்பதே சரி. இந்தக் கட்டுரை அவருக்கானது இல்லை.

பெட்ரோல் கார்கள் இரண்டுக்கும் பொதுவான ஒரு கவலை உண்டு. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், இந்தக் கார்கள் அதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. மைலேஜ் கொஞ்சம் குறையும். வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தி வைப்பவர்கள் எரிபொருள் குழாய்களையும் ரப்பர் இணைப்புகளையும் வருடம் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஓட்டும் சுகத்துக்கு வருவோம். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே போய்த்தான் ஈ90-யின் ஸ்டீயரிங்கைப் புரிந்துகொள்ள வேண்டும். ஹைட்ராலிக், கனம், பார்க்கிங்கில் கையை வலிக்க வைக்கும். ஆனால் முன் சக்கரத்தின் கீழே மணல் இருக்கிறதா தார் இருக்கிறதா என்று உள்ளங்கைக்குச் சொல்லிவிடும். எஃப்30-யில் அது மின்சார ஸ்டீயரிங், விரலால் சுற்றலாம், செய்தி ஒன்றும் வராது. 328ஐ வளைவிலிருந்து வெளியேறும்போது டர்போவின் பலத்தால் முந்திவிடும். 330ஐ-யில் சுற்று மீட்டரின் முள் ஏறஏற ஆறு சிலிண்டரும் ஒரே குரலாகி, 6,600 சுற்றுப் பக்கம் போகும்போது வருகிற சத்தம் நான்கு சிலிண்டரில் எந்தக் காலத்திலும் வராது. டீசலைப் பற்றி இந்த இடத்தில் பேசாமல் இருப்பதே மரியாதை.

வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் எஃப்30 பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. சக்கர இடைவெளி 2,760 மில்லிமீட்டரிலிருந்து 2,810 ஆனது, பின் சீட்டில் முழங்காலுக்குத் தெரியும் அளவுக்கு இடம் கூடியது. அதன் எட்டு வேக கியர்பாக்ஸும் ஈ90-யின் ஆறு வேகத்தைவிட ஒரு படி மேல். "வாழ்நாள் ஆயில்" என்று சொல்லப்படுவதை மட்டும் நம்பாமல் லட்சம் கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றினால் நீண்ட நாள் உழைக்கும். பஞ்சரானாலும் ஓடும் ரன்ஃபிளாட் டயர்கள் நம் ஊர்க் குழிகளில் இடுப்பை ஒடிக்கும். சாதாரண டயருக்கு மாறி, ஸ்பேர் சக்கரம் ஒன்றை டிக்கியில் போட்டுக்கொள்பவர்களே அதிகம். நானும் அந்தக் கட்சி.

பென்ஸ், ஆடி? சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டபிள்யூ204 சி கிளாஸ் நிதானமான, கண்ணியமான கார், பின்னால் உட்கார நல்லது. அதில் எலக்ட்ரானிக் ஸ்டீயரிங் லாக் என்று ஒரு பொருள் இருக்கிறது. ஒருநாள் அது கெட்டால் சாவியைத் திருப்பினாலும் வண்டி மரக்கட்டைபோல் கிடக்கும். ஆடி ஏ4-யில் அந்தத் தலைமுறை பெட்ரோல் டிஎஃப்எஸ்ஐ என்ஜின்கள் ஆயில் குடிப்பதற்குப் பேர்போனவை. முன்சக்கர வண்டிகளில் வந்த மல்டிட்ரானிக் கியர்பாக்ஸை நான் தொடமாட்டேன். இரண்டுமே நல்ல செடான்கள், ஸ்போர்ட்ஸ் செடான் என்று கூப்பிடத்தான் வாய் வரவில்லை.

காகித விஷயத்தில் 330ஐ-க்குத்தான் சங்கடம் அதிகம். 2010 வண்டி என்றால் ஆர்.சி. புத்தகத்தின் 15 ஆண்டு முடிந்துவிட்டது. ஆர்.டி.ஓ. பார்வைக்குக் கொண்டுபோய்ப் புதுப்பித்து ஐந்தாண்டு நீட்டிப்பு வாங்க வேண்டும். 2022 ஏப்ரலில் இதற்கான கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, பசுமை வரி தனி. விற்கிறவர் செலவிலேயே புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள். "அப்புறம் பாத்துக்கலாம் சார்" என்றால் அந்த அப்புறம் உங்கள் தலையில்தான் விடியும்.

டெல்லிப் பதிவு எண்ணோடு மலிவாக வரும் 320டி-க்களுக்குப் பின்னால் ஒரு காரணம் உண்டு. தலைநகர்ப் பகுதியில் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளுக்கு 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட தடையை 2018-ல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. அந்த நெருக்கடியில் தெற்கே வந்தவை பல. என்.ஓ.சி., இங்கே மறுபதிவு, வாழ்நாள் வரி எல்லாம் கூட்டிப் பார்த்தால் அந்த மலிவு கரைந்துபோகும்.

சென்னை வண்டி என்றால் 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாமையும் நினைவில் வையுங்கள். ஈ90-யில் விளக்குகளையும் கண்ணாடிகளையும் ஆட்டுவிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி முன் சீட்டுக் கால் வைக்கும் பக்கம் இருக்கிறது, பேட்டரி டிக்கியில் இருக்கிறது. கார்பெட்டைத் தூக்கி அடியில் கையை விடுங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் சேறு விரலில் ஒட்டும், அல்லது கார்பெட் சந்தேகப்படும் அளவுக்குப் புதிதாக இருக்கும். பேட்டரியை மாற்றியிருந்தால், வண்டியின் கணினியோடு பேசும் ஸ்கேனரில் அதைப் பதிவு செய்தார்களா என்று கேளுங்கள். அதே ஸ்கேனரில் கிலோமீட்டர் கணக்கையும் எடுக்கச் சொல்லுங்கள். மீட்டரைத் திருப்பி வைத்தவர்கள் வண்டிக்குள் இருக்கும் எல்லாப் பெட்டியையும் திருத்தியிருக்கமாட்டார்கள்.

வாங்கும் விலையில் கால் பங்கையாவது தனியாக எடுத்துவைத்துவிட்டு இறங்குங்கள். புதிதில் நாற்பது லட்சத்தை ஒட்டி விற்ற காரின் உதிரிகள் இன்னும் அந்த நாற்பது லட்சக் காரின் விலையில்தான் விற்கின்றன.

பெயர்ப்பலகையைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். 2016-க்குப் பிறகு 330ஐ என்று வந்தவை நான்கு சிலிண்டர் டர்போ, நாம் பேசுவது ஈ90 உடலில் உள்ள ஆறு சிலிண்டர் மட்டும். அது எண்ணிக்கையில் குறைவு, மாதக்கணக்கில் தேட வேண்டியிருக்கும். கிடைக்கவில்லையென்றால் அதே என்52 குடும்பத்தைச் சேர்ந்த 325ஐ-யைப் பாருங்கள். 40 குதிரை குறைவு, சத்தம் அதேதான், புரோக்கர்கள் அதை இன்னும் மட்டமாக மதிக்கிறார்கள்.